மாமா, ஏர் கன் கிடையாது

டிஸ்கி: சொந்தக்காரங்க யாராச்சும் இதைப் படிச்சீங்கன்னா என்னை மட்டும் திட்டுங்க. அம்மாவுக்கு இதுல எந்த சம்பந்தமும் இல்லை.

போன ஐப்பசியில ஒரு ஞாயித்துக்கிழமை. மண்ணச்சநல்லூர்ல எங்க வீட்டு வாசல்ல வண்டி சத்தம். வாத்தலைப் பக்கம் இருக்கற மாமா, அம்மாவோட தம்பி. காபி வாங்கிக் குடிச்சாரு, மழை பத்திப் பேசினாரு, என் கல்யாணப் பேச்சை எடுத்தாரு (வழக்கம் போல). கிளம்பறப்ப செருப்பை மாட்டிக்கிட்டே, "மாப்ள, அந்த ஏர் கன்னு சும்மாதான கெடக்கு? ரெண்டு நாளைக்குக் குடு. சேறடிக்கிற டிராக்டர் பின்னாடி கொக்கு நூறு நிக்குது" அப்படின்னாரு.

"இல்ல மாமா, தர மாட்டேன்" னு சொன்னேன்.

அவரு சிரிச்சாரு. நான் சிரிக்கலைன்னு தெரிஞ்சதும் முகம் மாறிடுச்சு. "லைசென்ஸ் கூட வேணாத விளையாட்டுச் சாமான். அதுக்குப் போயி இவ்ளோ பிகு பண்றியேடா?"

அன்னைக்கு எனக்கு வாயில பதில் வரலை. வாயில வராதது கீபோர்டுல வரும், நம்ம பொழப்பு அப்படி. மூணு மாசமா மனசுல கிடந்ததை இங்க இறக்கி வச்சுடறேன். மாமா சொன்ன அந்த ஒரு வாக்கியத்துல ரெண்டு தப்பு இருக்கு. லைசென்ஸ் வேணாம்னா அது பொம்மை. துப்பாக்கின்னா எதையாவது கொல்லத்தான். நம்மூர்ல முக்கால்வாசி பேர் தலையில இந்த ரெண்டும் ஒண்ணா உக்காந்திருக்கு.

முதல்ல சாமானைப் பத்தி. என்னோடது இந்தியத் தயாரிப்பு, பேரலை மடக்கற ஸ்பிரிங் ஏர் ரைஃபிள். ஒரு மீட்டருக்கு மேல நீளம், மூணு கிலோ கிட்ட எடை. பேரலைப் பிடிச்சு கீழ மடக்கினா உள்ள ஸ்பிரிங் அமுங்கும், வாய்ல ஒரு ஈய பெல்லட்டை வச்சு மூடணும். ஒவ்வொரு குண்டுக்கும் இதே கூத்து. அம்பது சுட்டா மறுநாள் தோள்பட்டை ஜிம்முக்குப் போன மாதிரி வலிக்கும். முதல் சில நூறு குண்டு வரைக்கும் எண்ணெய் எரிஞ்சு புகை வரும், பயப்பட வேண்டாம். பெல்லட் போடாம வெறும் துப்பாக்கியை மட்டும் விசையை அமுக்கிடாதீங்க, பிஸ்டன் போயி நேரா இடிச்சு சீல் காலி.

இதுல ஒரு விசேஷம். ஸ்பிரிங் துப்பாக்கி பின்னாடி உதைக்கும், உடனே முன்னாடியும் உதைக்கும். அதனால இறுக்கிப் பிடிச்சா குறி தப்பும். கோழிக்குஞ்சைப் பிடிக்கிற மாதிரி பிடிக்கணும், கை மேல சும்மா உக்கார வைக்கணும். இது பிடிபட எனக்கு ரெண்டு மாசம் ஆச்சு. பிடிபட்டதுக்கப்புறம் பதினஞ்சு மீட்டர்ல தக்காளி சாஸ் டப்பா, இருமல் மருந்து மூடி, அப்பாவோட பழைய ஹார்லிக்ஸ் டின்னு எல்லாம் வரிசையா விழும். அந்த 'டிங்' இருக்கே.. அதுக்காகத்தான் எல்லாமே. அமெரிக்காக்காரன் இதுக்கு பிளிங்கிங்னு பேர் வச்சிருக்கான். தகரத்துல பட்டா வர்ற சத்தம்தான் பேரு. போட்டி கிடையாது, மார்க் கிடையாது. நாள் பூரா லாக் ஃபைலைப் பார்த்து வெந்த மூளைக்கு இதை விட நல்ல மருந்து நான் பார்த்ததில்லை.

இப்ப சட்டம். 2016 ஆயுத விதிகள்படி 4.5 மி.மீ. (அதாவது .177 அங்குலம்) குழல், 20 ஜூலுக்குள்ள சக்தின்னா லைசென்ஸ் வேணாம். அடையாள அட்டை நகலைக் குடுத்தேன், கடையில பில்லைப் போட்டு அட்டைப்பெட்டியைக் கையில குடுத்துட்டாங்க. பத்து நிமிஷம். மிக்ஸி வாங்கினா கூட ஜார் எப்படி மாட்டறதுன்னு காட்டுவாங்க. இதை எப்படிப் பிடிக்கணும், எங்க காட்டக் கூடாதுன்னு ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லலை. அதே 2016 விதிகள்ல லைசென்ஸ் துப்பாக்கி வாங்கறவங்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி சான்றிதழ் கேக்கறாங்க. ஏர் கன்னுக்கு எதுவும் கிடையாது.

20 ஜூல்னா எவ்வளவு? அரை கிராம் ஈயம் வினாடிக்கு 270 மீட்டர் வேகத்துல போனா கிட்டத்தட்ட 18, 19 ஜூல் வரும் (பிளஸ் டூ பிசிக்ஸ்தான், கால்குலேட்டர்ல போட்டுப் பாருங்க). கண்ணுல பட்டா கண்ணு போச்சு. அவ்ளோதான் 'பொம்மை'.

சின்ன வயசுல நம்ம எல்லாரும் முதல்ல தொட்ட துப்பாக்கி எது? திருவிழாவுல பலூன் சுடற கடை. சமயபுரம் தேருக்குப் போனா எனக்கு அம்மனை விட அந்தக் கடைதான் முக்கியம் (ஆத்தா மன்னிச்சுக்கோ). சைட்டு வளைஞ்சிருக்கும், குறி பார்த்து சுட்டா எதுவும் வெடிக்காது. ஆனா கடைக்காரரை நினைச்சுப் பாருங்க. குண்டை அவரேதான் போடுவாரு. பேரல் மேல ஒரு கை எப்பவும் இருக்கும். நாம இந்தப் பக்கம் திரும்பினா துப்பாக்கி நம்ம கூட திரும்பாது. பலூனுக்குப் பின்னாடி பலகை. இன்ஜினியரிங் படிச்ச எனக்குத் தெரியாதது அந்த மனுஷனுக்குத் தெரிஞ்சிருந்தது.

எனக்கு அது தெரிய டெக்ஸாஸ் வரைக்கும் போக வேண்டியிருந்தது. 2022லேர்ந்து 2024 வரைக்கும் கம்பெனி அங்க அனுப்பியிருந்தது. என் டீம்ல ஒரு அண்ணன், கரூர்க்காரர், பச்சை அட்டை வாங்கி செட்டில் ஆனவர். அவர் வீட்டு கராஜ்லதான் நான் அதைப் பார்த்தேன். .22 லீவர் ஆக்‌ஷன் ரைஃபிள். அதுலயும் சிறுசு, 16 அங்குல பேரல், மொத்த நீளம் மூணு அடிக்குள்ள, எடை ரெண்டு கிலோ சொச்சம்.

லயன் காமிக்ஸ்ல டெக்ஸ் வில்லரைப் படிச்சு வளர்ந்தவனுக்கு அதைக் கையில வாங்கினப்ப எப்படி இருந்திருக்கும்னு சொல்லணுமா? ஜெய்சங்கர் குதிரையில வந்த 'காலம் வெல்லும்' (1970), 'கங்கா' (1972) காலத்துலேர்ந்து நம்மாளுங்களுக்கு இந்தக் கௌபாய் பித்து உண்டு. விசைக்குக் கீழ இருக்கற அந்த வளையத்தை ஒரு தள்ளு, ஒரு இழு. பழைய தோட்டாக் கூடு எகிறி விழும், புதுசு உள்ள ஏறும். 'க்ளிக்-க்ளாக்'. குண்டு போடறது இன்னும் அழகு. பேரலுக்குக் கீழ இன்னொரு குழாய், அதுக்குள்ள பித்தளைக் குழல். அதை வெளிய இழுத்து, பக்கத்து ஓட்டை வழியா தோட்டாவை ஒண்ணொண்ணா போடணும், பன்னெண்டு பிடிக்கும். உண்டியல்ல காசு போடற மாதிரி.

ரிம்ஃபயர்னா என்னன்னா, தோட்டாவை வெடிக்க வைக்கற மருந்து அடிப்பக்கம் நடுவுல இல்லாம விளிம்பு சுத்தி இருக்கும். ஊசி விளிம்புல தட்டும். ஒரு தடவை சுட்டா கூடு தூக்கிப் போட வேண்டியதுதான். 1860ல வந்த ஹென்றி ரைஃபிளே லீவரும் ரிம்ஃபயரும் சேர்ந்த கூட்டணிதான். இன்னைக்கு எல்லாரும் சுடற .22 லாங் ரைஃபிள் தோட்டா 1887ல வந்தது. மார்லின் கம்பெனியோட 1891 மாடல் வம்சம் நூறு வருஷம் தாண்டி ஓடிச்சு. நூறு வருஷமா ஒரு டிசைன் மாறலைன்னா அதுல மாத்த ஒண்ணும் இல்லைன்னு அர்த்தம். நம்ம ஃபீல்டுல ரெண்டு வருஷம் ஒரு ஃபிரேம்வொர்க் தாங்குதா சொல்லுங்க :-)

அண்ணனோட ரைஃபிள்ல குறைகளும் உண்டு. உடம்புப் பகுதி பெயிண்ட் அடிச்ச மூடி, கல்லுல உரசினா வெள்ளை தெரியும். தனி சேஃப்டி பட்டன் கிடையாது, சுத்தியலைக் கால்வாசி இழுத்து நிறுத்தறதுதான் பாதுகாப்பு. விலை குறைஞ்ச தோட்டா போட்டா உள்ள மெழுகும் கரியும் அப்பிக்கும். இருந்தாலும் ஒரு தோட்டா பத்து சென்ட்டுக்குள்ள, உதையே இல்லை, சத்தம் சின்னது. ஒரு சாயங்காலம் முழுக்க டப்பா அடிச்சிட்டு வரலாம்.

ஆனா நான் அதைத் தொட ஒரு சிக்கல் இருந்தது. விசாவுல இருக்கறவன் அங்க துப்பாக்கி வச்சுக்கறது மத்திய சட்டப்படி குத்தம். விலக்கு என்னன்னா.. வேட்டை லைசென்ஸ் இருக்கணும்! தகர டப்பாவை சுட ஆசைப்பட்டவன் 'நான் உயிரைக் கொல்லப் போறேன்'னு 25 டாலர் கட்டி சீட்டு வாங்கணும். அண்ணன் சிரிச்சாரு. நானும் வாங்கினேன். அதுக்கு முன்னாடி வேட்டைக்காரர் கல்வின்னு ஒரு வகுப்பு, பரீட்சை. ஒரு எறும்பைக் கூட சுடலை நான். ஆனா அந்த வகுப்புலதான் முதல் தடவையா ஒருத்தர் எனக்கு அரிச்சுவடி சொல்லிக் குடுத்தாரு. காலியா இருக்குன்னு நினைச்சாலும் குண்டு இருக்கறதாவே நினை. வாயைப் பாதுகாப்பான பக்கம் வை. சுட முடிவு பண்ற வரைக்கும் விரல் விசைக்கு வெளிய. குறியை மட்டும் பார்க்காதே, குறிக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு பாரு.

இந்தக் கடைசி ஒண்ணுதான் இந்தப் பதிவே.

இங்க ஒரு கோஷ்டிக்கு பதில் சொல்லிடறேன். என் காலேஜ் வாட்ஸப் குரூப்ல பாதிப் பேரு அங்க, பாதிப் பேரு இங்க. மாசத்துக்கு ஒரு தடவை இந்தச் சண்டை வரும். "திருச்சியிலயே 1966லேர்ந்து துப்பாக்கித் தொழிற்சாலை இருக்கு, நம்மால ஒரு .22 வாங்க முடியலை, இதெல்லாம் ஒரு நாடா?" வருத்தம் நியாயம்தான். அரசுத் தொழிற்சாலைகள் பொதுமக்களுக்குப் பெரும்பாலும் விக்கிறது .32 கைத்துப்பாக்கியும் .315 ரைஃபிளும். எண்பதுகளின் நடுவுலேர்ந்து தனியார் இறக்குமதியும் நின்னு போச்சு. கலெக்டர் ஆபீஸ் படியேறி லைசென்ஸ் வாங்கினாலும் 2019 திருத்தத்துக்கு அப்புறம் ஆளுக்கு ரெண்டு துப்பாக்கிதான், முன்னாடி மூணு. தேர்தல் வந்தா ஸ்டேஷன்ல ஒப்படைக்கச் சொல்வாங்க. லீவர் ரைஃபிளெல்லாம் கனவுல சுட்டுக்க வேண்டியதுதான்.

உலகத்துல எனக்கு ரொம்பப் பிடிச்ச சாமான் அந்தக் குட்டி லீவர் ரைஃபிள். அதைத் தாராளமா மண்ணச்சநல்லூர்ல விக்கணும்னு கேட்டா, வேணாம்னு நான்தான் முதல்ல கையெழுத்து போடுவேன். .22 தோட்டாவோட சக்தி சுமார் 140 ஜூல், என் ஏர் கன்னை விட ஏழு மடங்கு. மேல தூக்கி சுட்டா ஒன்றரை மைல் வரைக்கும் போகும். டெக்ஸாஸ்ல அண்ணனோட நண்பர் பண்ணையில பின்னாடி மண் மேடு, அதுக்குப் பின்னாடி கண்ணுக்கெட்டின தூரம் புல்லு. இங்க ஒன்றரை மைலுக்குள்ள எத்தனை ரைஸ் மில்லு, எத்தனை ஸ்கூலு, எத்தனை களம்?

பெரிய துப்பாக்கி, பயிற்சி பெத்த ஆளுங்க, முறையான தளம், எல்லாம் இருந்தே என்ன ஆச்சுன்னு நமக்குப் பக்கத்துலயே பார்த்தோம். புதுக்கோட்டை ரோட்ல நார்த்தாமலை. 2021 டிசம்பர் 30, பசுமலைப்பட்டி துப்பாக்கி சுடும் தளத்துல மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படை வீரர்கள் பயிற்சி எடுத்த அன்னைக்கு, ஒரு கிலோமீட்டருக்கும் மேல தள்ளி தாத்தா வீட்டுல இருந்த 11 வயசுப் பையன் தலையில குண்டு பாய்ஞ்சது. 2022 ஜனவரி 3ல பையன் போயிட்டான். அந்த வீடு யாரோட குறியும் கிடையாது.

இதைச் சொல்ற நான் யோக்கியனான்னு கேட்டா, இல்லை. ஏர் கன் வாங்கின புதுசு. ஊருக்கு வந்தாச்சு, டெக்ஸாஸ் வகுப்பு எல்லாம் முடிச்ச பெரிய ஆளு நான். பெரியப்பாவோட பழைய மில்லு கொல்லையில செங்கல் சுவரு முன்னாடி டப்பாவை வச்சு சுட்டேன். சுவர் இருக்கே, பின்னாடி பார்த்தாச்சேன்னு நினைப்பு. பெல்லட் டப்பா ஓரத்தைத் தொட்டுச்சு, செங்கல்ல சறுக்கிச்சு, பக்கத்துக் களத்துல நெல்லு துழாவிக்கிட்டிருந்த அக்கா பக்கத்துல இருந்த சோத்துத் தூக்குல போயி 'டங்'. அக்கா அண்ணாந்து பார்த்துட்டு, "யார்றா கல்லு வுடறது"ன்னாங்க. எனக்குக் கால் நடுங்கிடுச்சு. ஒரு முழம் இந்தப் பக்கம் வந்திருந்தா? போயி உண்மையைச் சொன்னேன். அவங்க திட்டின திட்டை இங்க எழுத முடியாது, எழுதவும் கூடாது, அவ்வளவும் நியாயம்.

அன்னைக்கு சாயங்காலமே மூட்டை அடுக்க ஆரம்பிச்சேன். மில்லு ஊருல உமிக்கா பஞ்சம்? முதல்ல உமி மூட்டை. பத்து நாள்ல சாக்கு சல்லடையாகி கொல்லை பூரா உமி. அப்புறம் ஆத்து மணல் மூட்டை, ரெண்டு வரிசை, தலை உயரம், ரெண்டு பக்கமும் மடக்கி. முன்னாடி தொங்கவிட்ட பழைய ஜமுக்காளம். சுடறப்ப களத்துல ஆள் இல்லைன்னு போய்ப் பார்த்துட்டு வர்றது. முடிஞ்சதும் கையை சோப்பு போட்டுக் கழுவறது, ஈயம் நல்லதில்லை. எல்லாத்துக்கும் சேர்த்து ஆன செலவு டப்பாவுக்குக் கட்டின கயித்து விலைதான்.

"இவ்ளோ ஆபத்துன்னா ஏர் கன்னையும் தடை பண்ணிடலாமே"ன்னு இன்னொரு கோஷ்டி வரும். அதுவும் சோம்பேறித்தனம். கே.கே.நகர் ரைஃபிள் கிளப்ல 2022 ஜூலையில மாநிலப் போட்டி நடந்தப்ப அஜித் வந்தாரு, ஊரே திரண்டு ரோட்ல நின்னுச்சு, ஞாபகம் இருக்கா? அன்னைக்குக் கத்தின கூட்டத்துல எத்தனை பேரு தலையைப் பார்த்துட்டுப் போனாங்க, எத்தனை பேரு மறுவாரம் கிளப்புக்குப் போயி எப்படிப் பிடிக்கறதுன்னு கேட்டாங்க? ஸ்கூல் பசங்க பத்து மீட்டர் ஏர் ரைஃபிள்லதான் ஆரம்பிக்கறாங்க. அதைப் பிடுங்கிட்டா மிஞ்சறது கள்ளத் துப்பாக்கியும் சினிமாவும்தான். கடையில வாங்கற அன்னைக்கு ரெண்டு மணி நேரம் உக்கார வச்சு பாடம் எடுத்து, பக்கத்து கிளப்புல பத்து குண்டு சுட வச்சு அனுப்பட்டும். இதுக்கு ஒரு விதி போட என்ன கஷ்டம்?

சரி, கொக்கு.

மாமா சொன்னது உண்ணிக்கொக்கு. டிராக்டர் பின்னாடி புழுவுக்காக நிக்கறது. வாய்க்கால் ஓரத்துல மண்ணோட மண்ணா உக்காந்திருக்கறது மடையான், அதையும் விடறதில்லை. 1972 வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி ரெண்டையும் வேட்டையாடறது குத்தம். மூணு வருஷம் வரைக்கும் சிறை, 2022 திருத்தத்துக்கு அப்புறம் ஒரு லட்சம் வரைக்கும் அபராதம். இதை மாமாகிட்ட சொன்னேன். "கொக்குக்குக் கேஸா, போடா" ன்னாரு.

சட்டத்தை விடுங்க. நானும் இரவல் வாங்கினவன்தான். பத்தொம்பது வயசு, காலேஜ் லீவு, நண்பன்கிட்ட ஒரு பழைய ஏர் கன் ரெண்டு நாளைக்கு வாங்கிட்டு வந்தேன். பெருவளை வாய்க்கால் கரையில ஒரு மடையான். இருபது மீட்டர். சுட்டேன், பட்டுச்சு, குதிச்சேன். பக்கத்துல போனா சாகலை. ரெக்கை எலும்பு ஒடிஞ்சு தொங்குது, கழுத்தை நீட்டி என்னையே பார்க்குது. ஏர் கன் பெல்லட் கொக்கை உடனே கொல்லும்னு யாரு சொன்னா? வீட்டுக்குத் தூக்கிட்டு வந்து பஞ்சாரத்துல கவுத்து வச்சேன். மஞ்சள் வச்சேன், வாய்க்கால் குரவை மீனு பிடிச்சுப் போட்டேன். தொடலை. மூணாம் நாள் காலையில அம்மாதான் எடுத்துக் கொல்லையில புதைச்சாங்க. ஒரு வார்த்தை கேக்கலை என்னை. கறிக்கும் ஆகலை, எதுக்கும் ஆகலை. துப்பாக்கி கையில இருந்துச்சு, அது எதிர்ல உக்காந்திருந்துச்சு, அவ்ளோதான் காரணம்.

அதனாலதான் மாமா.

உங்க கை மேல நம்பிக்கை இல்லாம இல்லை. நீங்க என்னை விட நல்லா சுடுவீங்க, அதுதான் பிரச்சனையே. வயல்ல கொக்கு நிக்கற இடத்துக்குப் பின்னாடி நாத்து நடற ஆளு இருப்பாங்க. மரத்துல உக்காந்ததை அண்ணாந்து சுட்டா அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. மணல் மூட்டையைத் தூக்கிக்கிட்டு கொக்கு பின்னாடி ஓட முடியாது இல்லையா?

அன்னைக்கு மாமா வண்டியை எடுத்துட்டுப் போனதுக்கு அப்புறம் தீபாவளிக்கு அவர் பையனை அனுப்பி வச்சாரு. பத்தாவது படிக்கறான். "சித்த சுட்டுப் பார்க்க விடு"ன்னு போன் வேற. தாராளமா வான்னு கொல்லைக்குக் கூட்டிட்டுப் போனேன். எப்படிப் பிடிக்கறது, விரல் எங்க, வாய் எங்க, எல்லாம் சொன்னேன். பையன் கெட்டிக்காரன், பத்துல மூணு டப்பா அடிச்சான். நாலாவதுக்கு மடக்கிக் குடுத்தேன். கரண்டு கம்பியில ஒரு மைனா வந்து உக்காந்துச்சு. பேரல் அப்படியே மேல போச்சு. நான் பலூன் கடைக்காரர் மாதிரி பேரல் மேல கையை வச்சேன், துப்பாக்கியை வாங்கிட்டேன். "சும்மா குறி பார்த்தேன் மாமா"ன்னான். இன்னைக்கு இது போதும்டான்னேன். முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டு பஸ் ஏறிட்டான்.

இந்தப் பொங்கலுக்கு சீர் வந்துச்சு. கரும்பு, மஞ்சக்கொத்து, அம்மாவுக்குப் புடவை, எல்லாம் சரியா இருந்துச்சு. வாத்தலையிலேர்ந்து வர்ற பஸ்ல கண்டக்டர்கிட்ட குடுத்து அனுப்பியிருந்தாரு. அம்மா பஸ் ஸ்டாண்டுக்குப் போயி வாங்கிட்டு வந்தாங்க. துப்பாக்கி பீரோவுல இருக்கு, சாவி அம்மாகிட்ட.